ஸ்மிர்னாவில் கரையிறங்கியவர்

1

இக்குறிப்புகளில் நான் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், என் பெட்டியில் இருக்கும் தாள்களில் உள்ளதையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதை எழுத நேரும் இடத்தில் சொன்னவர் இன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். ஊகத்துக்கு இடமளிக்க மாட்டேன். உறுதிப்படாத செய்தி ஒன்று உறுதிப்பட்டது போலக் கடல் கடந்து போய், ஒரு பெண்ணின் வாழ்வை ஒரு பக்கம் திருப்பிவிட்டது. அச்செய்தி போன தாளை எழுதிய கை என்னுடையது. ஆதலால் இந்தக் கண்டிப்பு எனக்கு நானே விதித்துக்கொண்டது.

மூவரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய ஊர் சோழ நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை. இவ்வாறு செய்தால் வெளியிடலாம் என்று உரியவர் ஒருவர் இசைந்தார். மற்றவர்களைக் கேட்க எனக்கு வழியில்லை.

2

பெரும்போர் முடிந்த ஆண்டில் மலாயாவில் உள்ள ஜொகூர் நாட்டின் மூவாருக்கு வந்தேன். ஆற்றுக்கு அக்கரையில் தோட்டப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பள்ளியில் வேலை. காலையில் படகில் போய்ப் பிற்பகலில் படகில் திரும்புவேன். திரும்பும் வழியில், துறையை ஒட்டிய செய்யது மரைக்காயர் கடையில் சற்று அமர்வது வழக்கமாயிற்று. அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு விற்கும் கடை அது. நான் கருவாட்டு மூட்டைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காருவேன். மரைக்காயர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். "வாத்தியாரே, உங்களுக்காகவே ஒரு மூலைய மணமா வச்சிருக்கேன்" என்று சொல்லி மிளகுச் சாக்கைக் காட்டுவார்.

சிங்கப்பூரிலிருந்து சிறு கப்பலில் வரும் தமிழ் இதழை அங்கே நான் உரக்க வாசிப்பேன். அந்நாட்களில் அங்கே கூடிய முஸ்லிம்கள் கேட்க விரும்பியது ஒரே செய்திதான். அவர்களுடைய சமயத் தலைவரான கலீபா ஆண்ட உஸ்மானியப் பேரரசு பெரும்போரில் தோற்றுச் சிதறிப்போயிருந்தது. அதன் மேற்குக் கடற்கரை யாருக்கு உரியது என்று அண்டை நாட்டினரான கிரேக்கரும் துருக்கியரும் போரிட்டுக்கொண்டிருந்தனர். கிரேக்கப் படை ஸ்மிர்னா என்னும் துறைமுக நகரில் இறங்கி, உள்நாட்டில் வெகுதொலைவு சென்று, மூன்றாண்டுகளுக்குப் பின் முறியடிக்கப்பட்டு அதே கடற்கரைக்குத் திரும்பிற்று. இடையில் இருந்த ஊர்கள் எரிந்தன. எரித்தவர் யார் என்பதற்கு ஒவ்வொரு தரப்பும் மற்றதைச் சுட்டியது. இரண்டையும் நான் வாசித்தேன். கடையில் ஒன்றுக்குத்தான் தலையசைத்தார்கள்.

துருக்கியப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது என்ற செய்தியை வாசித்தவனும் நானே. மறுநாள் மரைக்காயர் கடையை மூடிவிட்டு நெய்ச்சோறு சமைத்தார். மலாய்க்காரர்களும், பக்கத்துக் கடையில் நாற்காலி செய்யும் சீனத் தச்சர்களும் வந்து உண்டார்கள். எனக்கென்று சர்பத்தும் வாழைப்பழமும் தனியே வைத்திருந்தார். நான் பருகினேன். அவருடைய தம்பி ஹபீபு அந்த நாட்களில் எந்தக் கடலில் இருந்தார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஹபீபு ஓர் ஆங்கிலச் சரக்குக் கப்பலில் பண்டாரி. அதாவது, அக்கப்பலின் இந்தியப் பணியாளர்களுக்குச் சமைப்பவர். ஊரில் அவருக்குச் செய்தூன் என்று மனைவி. மணமாகி எட்டு மாதத்தில் கப்பலேறியவர். அவரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது அண்ணனைப் பார்க்க மூவார் வந்து, இரண்டு நாள் இருந்து, மூன்று வேளையும் தாமே சமைத்தார்.

3

அடுத்த ஆண்டின் மழைக்காலத்தில் மஸ்தான் என்பவர் கடைக்கு வந்தார். ஹபீபுவின் ஊர்க்காரர், அதே கப்பலில் கரி தள்ளியவர். அவர் சொன்னதை அன்றிரவே என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அது இப்போது என் முன்னால் இருக்கிறது.

அவர் சொன்னபடி, அவர்களுடைய கப்பல் ஸ்மிர்னாவுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தது. நகரம் எரிந்துகொண்டிருந்தது. தீக்கும் கடலுக்கும் நடுவில் கரை நெடுக மக்கள் நின்றார்கள். கப்பலிலிருந்து படகுகள் போய் இயன்றவரை ஏற்றி வந்தன. துடுப்புப் போட ஆள் போதாமல் பண்டாரியையும் ஒரு படகில் இறக்கினார்கள். மஸ்தானும் அதே படகில் இருந்தார். மரைக்காயரை நானா, அதாவது அண்ணா, என்று அழைத்துச் சொன்னார்:

"படகு கரைய முட்டுச்சு, நானா. ஒருத்தி புள்ளைய நீட்டுனா. வாங்குறேன்னு ஹபீபு எறங்குனான். வாங்குனானா, என்னான்னு தெரியாது. அவ்ளோ சனம். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

மறுநாள் மாலை கடையில் பத்துப் பேர் கூடியிருந்தனர். அவர்கள் கேட்கக் கேட்க மஸ்தான் மீண்டும் சொன்னார். இம்முறை குழந்தை வரவில்லை. நகரத்துப் பள்ளிவாசலில் வெற்றித் தொழுகை நடப்பதாகக் கேள்விப்பட்டு, தொழுதுவிட்டு வருகிறேன் என்று ஹபீபு இறங்கியதாகச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் போனபின் நான் அவரைத் தனியே அழைத்து, நேற்றுச் சொன்னது வேறாயிற்றே என்றேன்.

"ரெண்டும்தான்னு வச்சுக்கங்களேன், வாத்தியாரே. ஒங்களுக்கு எது தோதோ அத எழுதிக்கங்க."

"இறந்ததைப் பார்த்தீர்களா?"

"தீயப் பாத்தேன். தீக்குள்ள அவன் போனதப் பாக்கல."

இதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. இரண்டு நாளில் அவர் சிங்கப்பூர் திரும்பி வேறு கப்பலில் ஏறிப் போனார். பின்னர் அவரை நான் காணவில்லை.

மரைக்காயர் ஊரில் இருந்த தம் தந்தைக்குக் கடிதம் எழுத என்னை அழைத்தார். தமக்குக் கை ஓடவில்லை என்றார். வேறு காரணமும் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "ஒங்க எழுத்துன்னா ஊர் சமாத்துப் பெரியவங்ககிட்ட ஒரு மதிப்பு. இந்த ஆளு பொய் எழுத மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவர் விரும்பியது, ஹபீபு மவுத்தாகிவிட்டார் என்று ஒரு வரி. கணவன் இறந்த செய்தி வந்தால் அந்தப் பெண் இத்தா இருப்பாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்து, அது முடிந்ததும் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவன் என்ன ஆனான் என்றே தெரியாத பெண் காத்திருக்க வேண்டும். எத்தனை காலம் என்பதில் தம் மார்க்கத்துக் கற்றவர்கள் வேறுபடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அதை ஆராயும் தகுதி எனக்கில்லை.

நான் அந்த வரியை எழுத மறுத்தேன். மஸ்தான் சொன்ன இரண்டையும் எழுதி, இவற்றுள் எது நடந்ததென்று தெரியவில்லை என்றும், உடலை எவரும் காணவில்லை என்றும் எழுதினேன். ஒரு சொல்லும் மிகையாக இல்லை. முடித்து வாசித்தபோது, அதன் அமைப்பு எனக்கு நிறைவளித்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

மரைக்காயர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை, "அவளுக்குப் பத்தொம்பது வயசு" என்று மட்டும் சொன்னார். நான் தாளை மடித்துக் கொடுத்தேன். உறையில் இட்டு அனுப்புவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அதற்கடுத்த ஆண்டு, செய்தூனுக்கு மறுமணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை அவ்வூரிலேயே கயிற்றுக் கடை வைத்திருப்பவராம். என் கடிதத்தை வைத்துக்கொண்டு இப்படி எப்படி முடிவு செய்தார்கள் என்று ஒரு கணம் எண்ணினேன். அவர்களுக்கு அவர்கள் நெறி தெரியும் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்காததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

4

ஸ்மிர்னா எரிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஆவணி முடியும் நாள்கள் வரும்போதெல்லாம் அந்தக் கரை நினைவுக்கு வரும். நான் காணாத கரை. இங்கே ஆவணி என்று சொன்னால் எவருக்கும் புரிவதில்லை. ஊரில் காற்றின் திசையைக் கொண்டே மாதத்தைச் சொல்லிவிடுவோம். மூவாரில் எல்லா மாதமும் ஒரே பச்சை, நடுவில் மழை.

என் மகள் பூங்கோதை பிறந்தது இங்கே. தாயில்லாமல் வளர்ந்தவள். ஆங்கிலப் பள்ளியில் இறுதி வகுப்பு. எண்களை ஆங்கிலத்தில் கூட்டுகிறாள், அண்டை வீட்டாரோடு மலாயில் சிரிக்கிறாள், என்னோடு, அவர்களைப் போல இடையில் ஒரு 'லா' சேர்த்து, தமிழில் பேசுகிறாள். என்னோடு பேசும்போதுதான் மிகக் குறைவாகப் பேசுகிறாள். தமிழ்ப் பாடம் சொல்லித் தரும் வழக்கம் அவளுடைய பன்னிரண்டாம் வயதில் நின்றது. நிறுத்தியது அவளா, நானா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

அந்தப் போருக்குப்பின் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொண்டன என்று இதழில் வாசித்திருக்கிறேன். துருக்கியில் பிறந்த கிரேக்கச் சமயத்தாரைக் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் பிறந்த முஸ்லிம்களைத் துருக்கிக்கும் கப்பலேற்றினார்களாம். தாம் பேசும் மொழி வழங்காத நாட்டை உன் நாடு என்று அவர்களிடம் காட்டினார்கள். இதைப் பூங்கோதையிடம் சொன்னபோது, "அவங்களயாவது யாரோ ஏத்தி அனுப்புனாங்க. நாம நாமளாத்தானே வந்தோம்?" என்றாள்.

5

இவ்வாண்டு ஆடி மாதத்தில் என் பெயருக்கு ஓர் உறை வந்தது. மேல்முகவரி தமிழில், யாரோ ஒரு கணக்கரின் கையெழுத்து. உள்ளே இருந்த தாளில் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றும் இல்லை. வலப்புறத்திலிருந்து இடப்புறமாக ஓடும் அரபு எழுத்து. ஆனால் மொழி தமிழ். கடற்கரை முஸ்லிம் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படிப்பவர்கள். பலருக்குத் தமிழெழுத்தே தெரியாது. பதினேழு ஆண்டுகளாக மரைக்காயர் கடையில் அமர்ந்திருக்கிறேன். அவர் தம் குறிப்புகளை அந்த எழுத்தில் எழுதுவதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். தமிழுக்கு அதற்கென அமைந்த எழுத்திருக்க, இரவல் உடை எதற்கு என்று எண்ணி, அதைக் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன்.

கடிதத்தை மரைக்காயரிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"செய்தூன்" என்றார்.

பிறகு மெல்ல வாசித்தார். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய ஒருவர், வழியில் யாரோ சொல்லக் கேட்டதாக ஊரில் ஒரு செய்தி சொன்னாராம். ஸ்மிர்னா நகரில் நம் கரையைச் சேர்ந்த ஒருவர் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். துருக்கிப் பெண்ணை மணந்திருக்கிறார். புளி கிடைக்காமல் மாதுளைச் சாற்றில் குழம்பு வைக்கிறார் என்று. செய்தூனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். முதற்கணவர் உயிரோடிருந்தால் தம் மணம் என்னாகும், பிள்ளைகள் யாராவார்கள் என்பதே அந்தப் பெண்ணின் அச்சம். கணவரிடம் சொல்லவில்லை. இவ்வளவும் வாசித்தபின் மரைக்காயர் நிறுத்தினார்.

"இன்னும் இருக்கிறதா?" என்றேன்.

"இருக்கு. இதயும் நாந்தான் வாசிக்கணுமா?"

"வேறு யாரிடம் போவேன்?"

அவர் வாசித்தார். "அந்தக் கடுதாசிய எழுதுன கைய்யத்தான் கேக்குறேன். நாலு மூலையிலயும் கறுப்பு மை தடவி வந்துச்சு. மாமா அதப் பாத்ததும் கையிலேந்து போட்டுட்டாங்க. உள்ள எழுதியிருந்தத எனக்கு யாரும் முழுசா வாசிச்சுக் காட்டல. மை வச்ச நீங்க, தெரிஞ்சு வச்சியளா?"

அயலூரில் பிறந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், சமயம் எதுவானாலும், சாவுச் செய்தி கொண்டு போகும் தாளின் மூலைகளில் கருமை தடவுவார்கள். அஞ்சல்காரர் அதை வாசலில் நின்றே நீட்டுவார். தாளைப் பிரிக்குமுன் அழுகை தொடங்கிவிடும். பிரித்தபின் உள்ளே எழுதியிருப்பதை நிறுத்தி நிதானமாக வாசிப்பவர் எவருமில்லை; இறந்தவர் யார் என்று தெரிந்தால் போதும். நான் எழுதிய வாக்கியங்கள் அத்தனையும் அந்த நான்கு மூலைகளுக்கு நடுவே வாசிக்கப்படாமல் கிடந்திருக்கின்றன.

மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஒரு எழுத்தும் மாத்தல, வாத்தியாரே. மூலையத்தான் தொட்டேன்."

நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வெள்ளைக் கடுதாசியா போயிருந்தா அவ ஆயுசுக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா. ஒங்களுக்கு எழுத்து சுத்தமா இருக்கணும். எனக்கு அவ இருக்கணும்" என்றார். கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, "அவன் எந்தம்பி. மை வச்சப்ப எங்கையி எப்புடி இருந்துச்சுன்னு நீங்க கேக்கல" என்றார்.

கேட்கவில்லைதான். இப்போதும் கேட்கவில்லை.

6

உறுதியான தாள் ஏதாவது கிடைக்குமா என்று சிங்கப்பூரில் உள்ள கப்பற் பணியாளர் அலுவலகத்துக்கு எழுதினேன். அதாவது, நான் சொல்லப் பூங்கோதை ஆங்கிலத்தில் எழுதினாள். ஹபீபுவின் தந்தை பெயரை ஆங்கிலத்தில் எழுதிய முறை பதிவேட்டோடு ஒத்துவரவில்லை என்று முதல் முறை திருப்பினார்கள். இரண்டாம் முறை, கேட்பவர் உறவினரா என்று கேட்டுத் திருப்பினார்கள். மூன்றாம் முறை மரைக்காயர் கையெழுத்திட்டார். நான்கு வாரத்துக்குப் பின் அரைப் பக்க விடை வந்தது.

பூங்கோதை சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"செத்துட்டார்னும் இல்ல, இருக்கார்னும் இல்லப்பா. கப்பல் கெளம்பும்போது ஆளு இல்ல, பர்மிஷன் இல்லாம எறங்கிட்டார், அவ்ளோதான். ஓடிப்போனவங்க லிஸ்ட்ல போட்டிருக்காங்க."

எரியும் நகரிலிருந்து மக்களை ஏற்ற அவர்களே படகில் இறக்கிய ஆள், அவர்களுடைய ஏட்டில் ஓடிப்போனவர். இதைச் சொன்னேன். அவள் தாளைத் திரும்பப் பார்த்துவிட்டு, அதெல்லாம் இதில் எழுதவில்லை என்றாள்.

அன்று அவள் வழக்கத்துக்கு மாறாக எழுந்து போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். தெரியாது என்றுதான் எழுத முடியும் என்றேன்.

"தெரியாதுங்கறது ஒரு பதிலாப்பா? அவங்க புள்ளைங்களுக்காகக் கேக்குறாங்க. செத்துட்டார்னு எழுதிடுங்க லா. யாருக்கு நஷ்டம்?"

"அவர் உயிரோடு இருந்தால் அவருக்கு."

"அவருக்கு வேணும்னா பதிமூணு வருஷத்துல ஒரு லெட்டர் போட்டிருப்பார்" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு நீண்ட தமிழை நான் கேட்டு நெடுநாளாயிற்று. அவள் சொன்னதைத் தவறு என்று என்னால் காட்ட முடியவில்லை. சரி என்று உறுதி செய்யவும் முடியவில்லை.

7

செய்தூன் தம் கடிதத்தின் முடிவில் ஒன்று கேட்டிருந்ததாக மரைக்காயர் சொன்னார். மறுமொழியைத் தாமே, எவர் துணையுமின்றி வாசிக்க வேண்டும். ஆதலால் தமக்குத் தெரிந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று. நியாயமான வேண்டுகோள். என்னால் நிறைவேற்ற முடியாத வேண்டுகோளும் அதுவே.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இலெப்பையிடம் எழுதச் சொல்லலாம் என்று எண்ணினேன். அவர் நல்லவர். ஆனால் அவர் அறிந்தால் பள்ளிவாசல் அறியும். மூவாரில் ஒருவர் பேசியது அடுத்த கப்பலில் பினாங்குக்கும், அதற்கடுத்த கப்பலில் அந்தக் கடற்கரைக்கும் போய்விடும். கயிற்றுக் கடைக்காரர் தம் மனைவியைப் பற்றித் தெருவில் கேட்டு அறிய நேரும். எஞ்சியவர் ஒருவரே.

சென்ற வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப்பின் கடை திறக்குமுன், மரைக்காயரின் பின்கட்டில் அமர்ந்தோம். எழுதுவதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. தாளை மடிமீது பலகையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க. நீங்க சொல்றத எழுதுறேன்" என்றார்.

நான் சொன்னவை நான்கு வாக்கியங்கள். உம் முதற்கணவர் இறந்தாரா, இருக்கிறாரா என்பதை நான் அன்றும் அறியேன், இன்றும் அறியேன். கண்டவர் ஒருவரே, அவரும் இரண்டு விதமாகச் சொன்னார், இறந்ததைக் காணவில்லை. கப்பலார் ஏட்டில், கப்பல் புறப்பட்டபோது அவர் அதில் இல்லை என்று மட்டுமே இருக்கிறது. மூலைகளில் மை வைத்தவன் நானல்லேன்.

முதல் மூன்றையும் மரைக்காயர் நிற்காமல் எழுதினார். நான்காவதைச் சொன்னதும் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். தோய்த்தபடியே இருந்தார்.

"அவளுக்கு ரெண்டு புள்ளைங்க, வாத்தியாரே."

"தெரியும்."

"வச்சது யாருன்னும் எழுதவா?"

"அதை நான் சொல்லவில்லை. எழுதுவதும் விடுவதும் உங்களைச் சேர்ந்தது."

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார். வெளியே யாரோ கதவைத் தட்டி அரிசி கேட்டார்கள், அவர் நிமிரவில்லை. முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் நான்கு வாக்கியங்களையும் நான் சொன்ன முறையிலேயே சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. சொல்லும்போது அவர் கண் தாளின்மேல் இருந்தது. வரிகள் ஒன்பது. அந்த எழுத்து எவ்வளவு இடம் கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது.

உறையை ஒட்டி என்னிடமே கொடுத்தார். நானே நடந்து போய் அஞ்சல் நிலையத்தில் சேர்த்தேன்.

தெரியாதவை எஞ்சியிருக்கின்றன. ஸ்மிர்னாவுக்குத் தீ வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. ஹபீபு எதற்காகக் கரையிறங்கினார் என்பதும், அவர் இறந்தாரா என்பதும் தெரியாது. மாதுளைச் சாற்றில் குழம்பு வைப்பவர் அவர்தாமா, அப்படி ஒருவர் உண்டா என்பது தெரியாது. செய்தூனின் கடிதத்தில் மரைக்காயர் எனக்கு வாசித்ததற்கு மேலும் ஏதேனும் இருந்ததா என்பது தெரியாது. என் பெயரால் அந்தப் பெண்ணுக்கு எழுதப்பட்ட ஒன்பது வரிகளில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.